மரம் எண் 214 இயற்கையாக விழுந்த வரலாறு

ஏதாவது ஒன்றைச் செய்து பெயர் வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். கோட்டை கட்டினார்கள், கடல் கடந்தார்கள், சண்டை போட்டார்கள், களைத்துப்போய் சமாதானமும் பேசினார்கள். அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? கையும் காலும் இருந்தால் எவனும் செய்வான். ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக ஒன்றுமே செய்யாமல், அதையும் ஒழுங்காக, நேரம் தவறாமல், மூன்று பிரதிகளில் செய்யாமல் இருந்து பெயர் வாங்கியது மனித வரலாற்றிலேயே எங்கள் அலுவலகம் ஒன்றுதான். அங்கே இருபத்தாறு ஆண்டுகளாகக் கூட்டக் குறிப்பு எழுதும் பாக்கியம் பெற்றவன் நான்.

ஷ்வாபிய மலைச்சரிவில், ஹிண்டர்க்ளிங்கன் கிராமத்துக்கு மேலே இருக்கும் பீச் மரக் காட்டைத்தான் சொல்கிறேன். வழவழவென்று சாம்பல் நிறப் பட்டையோடு, அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் உயரத்துக்கு நிற்கிற மரங்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. இந்தக் காடு இனித் தன் போக்கில் வளரும். மனிதன் கை வைக்கக் கூடாது. நிற்பது நிற்கட்டும், விழுவது விழட்டும், விழுந்தது கிடந்து மக்கட்டும். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் கை ஒரு மரத்தின் மீதும் பட்டதில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

காடு தன் பாட்டுக்கு வளர்வதற்கு ஆபீஸ் எதற்கு என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். நன்றாயிருக்கிறது கேள்வி! யாரும் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்களா என்று யாராவது பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பதினோரு பேர் இருக்கிறோம். வியாழக்கிழமைதோறும் காலை ஒன்பதே காலுக்குக் கூட்டம். அந்த வாரம் தாங்கள் என்னென்ன செய்யவில்லை என்று ஒவ்வொருவரும் அறிக்கை வாசிப்பார்கள். அடுத்த வாரம் செய்யாமல் இருக்கவேண்டியவற்றுக்குத் திட்டம் போடுவோம். பிறகு பிளம்ஸ் கேக் வரும்.

எங்கள் கட்டுப்பாட்டுக்கு ஓர் உதாரணம் போதும். எங்கள் காவலர் வெண்டலின் ஒருமுறை காட்டுக்குள் போகும்போது பாதையில் கிடந்த ஒரு குச்சியைப் பழக்க தோஷத்தில் காலால் ஒதுக்கிவிட்டார். விசாரணை நடந்தது. பழைய புகைப்படத்தைப் பார்த்து, அளவுகோல் வைத்து, குச்சியை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே திரும்ப வைத்தார். வைக்கும்போது மனுஷன் அழுதேவிட்டார்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்குள் போன வருஷம் மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, கேக் வெட்டுகிற நேரமாகப் பார்த்து, கொர்டுலா ஆபெலே வந்து நின்றார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்து நாலு வயது, தனி ஆள். காட்டின் ஓரத்தில், எங்கள் எல்லைக் கல்லுக்கு நாலு அடி தள்ளி அவர் வீடு. அதைத் தவிர அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"இங்க மரத்துக்கெல்லாம் யாருங்க பொறுப்பு?" என்றார்.

"எந்த மரத்துக்கும்மா?" என்றார் எங்கள் இயக்குநர் டாக்டர் ஹைட்ரூன் மோஸர்.

"என் வீட்டு மேல சாஞ்சுக்கிட்டு நிக்குதே, அதுக்கு."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இருநூத்திப் பதினாலா! அருமையான மரம்மா அது. அடியில காளான் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒவ்வொண்ணும் சூப்புத் தட்டு அளவுக்கு இருக்கு."

"அப்படீன்னா உள்ள சுத்தமா உளுத்துப்போச்சுன்னு அர்த்தம்!" குழந்தை நடக்க ஆரம்பித்ததைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"அப்ப விழுந்துருமே டாக்டரம்மா?"

"கண்டிப்பா விழும். ஒரு வருஷத்துக்குள்ள."

"எந்தப் பக்கம்?"

வெண்டலின் எழுந்து நின்றார். "உங்க படுக்கையறைப் பக்கம்ங்க. நானே அளந்தேன். பன்னெண்டு டிகிரி."

"அடப்பாவி, அளந்துட்டு அப்படியே போயிட்டியா? விழுந்தா நான் செத்துப்போவேனே!"

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். "மரம் விழறது இயற்கை வளர்ச்சி. அது எங்க துறை. நீங்க சாகறது விபத்தும்மா. அதுக்கு வேற ஆபீஸ். பஸ் ஏறிப் போகணும்."

"அந்த பஸ்ஸே நான்தான் ஓட்டறேன்!"

"அப்ப உங்களுக்கு வழி தெரியும். நல்லதாப் போச்சு."

கொர்டுலா பெருமூச்சு விட்டார். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எழுதிக் குடுங்க, போதும். என் தம்பிகிட்ட ரம்பம் இருக்கு. நானே வெட்டிக்கறேன்."

'ரம்பம்' என்ற சொல் அந்த மன்றத்தில் உச்சரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. காட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வெண்டலின் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். குறிப்பில் நான் அந்தச் சொல்லுக்குப் பதில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

கொர்டுலா அதோடு விடவில்லை. நேரே கிராமத் தலைவர் குட்புரோட்டிடம் போயிருக்கிறார். தலைவர் தன் வேலிச்செடியை நூல் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாராம்.

"மரம்னா விழத்தானேம்மா செய்யும்?" என்று தலையைத் தூக்காமலே சொன்னாராம். "கட்டிலை அந்தப் பக்கமா நகத்திப் போட்டுக்க. இதுக்கெல்லாம் போய் ஊரைக் கூட்டுவாங்களா?"

ஆனால் எங்கள் அலுவலகத்தைக் கல்நெஞ்சம் என்று யாரும் சொல்லக் கூடாது. அடுத்த வியாழக்கிழமையே, 'மரம் எண் 214-ம் அதன் அண்டைவீட்டாரும்' என்ற தலைப்பில் நான்கு மணி நேரம் விவாதித்தோம். மரத்தை வெட்டினால் அது தலையீடு. முட்டுக் கொடுத்தால் அதுவும் தலையீடு. கயிறு கட்டினால் மரத்தின் சுயமரியாதை பாதிக்கும் என்று ஓர் இளம் ஆய்வாளர் சொன்னார், எல்லோரும் மேசையைத் தட்டி வரவேற்றோம். சட்டச் சிக்கல் வேறு இருந்தது. எங்கள் மரம் எல்லைக்கு வெளியே போய் விழுந்தால் நாங்கள் பொறுப்பு. எல்லைக்குள்ளேயே விழுந்தால் இயற்கை பொறுப்பு.

அப்போதுதான் டாக்டரம்மாவின் மூளை வேலை செய்தது. கேக் முள்ளை அப்படியே கீழே வைத்தார்.

"நாம எல்லாரும் தப்பான எடத்துல பாத்துக்கிட்டு இருக்கோம். மரத்துல என்ன பிரச்சினை? ஒண்ணுமே இல்ல. அது காட்டுல நிக்குது. வீடுதான் எல்லைக்கு வெளியில நிக்குது!"

"அதனால?"

"எல்லையை நகத்திருவோம்."

நான் பல மேதைகளின் பேச்சைக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் அன்றுதான் எழுந்து நின்று குறிப்பெடுத்தேன். டாக்டரம்மா வரைபடத்தை விரித்து, ஒரு பென்சிலை எடுத்து, கொர்டுலாவின் வீட்டைச் சுற்றி வளைத்து ஒரு கோடு போட்டார். காப்புக்காடு இருபத்தேழு மீட்டர் 'வளர்ந்தது'. இனி மரம் எண் 214 எப்படி விழுந்தாலும் காட்டுக்குள்தான் விழும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பென்சில் கொஞ்சம் தடிமனான பென்சில். அதனால் வீட்டுக்கு முன்னால் இருந்த நடைபாதையும் கோட்டுக்குள் வந்துவிட்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வாரத்தில் கொர்டுலாவின் வாசற்கதவில் பச்சைப் பலகை ஏறியது: 'இங்கிருந்து இயற்கை தன் போக்கில் வளர்கிறது. தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள்.' கூடவே விதிமுறைகளையும் கொடுத்தோம். ஓடு உடைந்தால் மாற்றக் கூடாது. சுவரில் பாசி பிடித்தால் சுரண்டக் கூடாது. உதிர்ந்த இலையை அகற்றக் கூடாது. விதிமுறைகளை நேரில் விளக்க வெண்டலினும் நானும் போனோம்.

"அப்ப நான் எங்க போறது?" என்று கேட்டார் கொர்டுலா. கையில் மாவு ஒட்டியிருந்தது, நூடுல்ஸுக்குப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே வந்துவிட்டார்.

"எங்கயும் போக வேணாம்ங்க," என்றார் வெண்டலின். "ஆணைக்கு முன்னாடியே இங்க இருக்கற உயிரினம் எதையும் நாங்க வெளியேத்த மாட்டோம். உங்களைப் பட்டியல்ல சேத்துட்டோம்."

"எந்தப் பட்டியல்ல?"

வெண்டலின் வாசித்துக் காட்டினார். "கரும் மரங்கொத்தி, மூணு. மரத்தவளை, ஏழு. கொர்டுலா ஆபெலே, ஒண்ணு. பெண். முழு வளர்ச்சி அடைஞ்சது."

"முழு வளர்ச்சியா? உன்னை..." என்று அவர் கையை ஓங்கினார்.

"குணம்: ஆக்ரோஷம்," என்று எழுதிக்கொண்டார் வெண்டலின்.

மாதம் ஒருமுறை கணக்கெடுப்பு. வெண்டலின் புதருக்குப் பின்னால் தொலைநோக்கியோடு படுத்துக் கிடப்பார். கொர்டுலா துணி உலர்த்த வெளியே வந்தால், "கொஞ்சம் அசையாம நில்லுங்க, எண்ணிக்கறேன்" என்று குரல் கொடுப்பார். "ஒண்ணே ஒண்ணுதான்டா இருக்கேன், இன்னும் எத்தனை தடவை எண்ணுவ!" என்று பதில் வரும். கோடை முழுவதும் இப்படியே சுமுகமாகப் போனது. மரம் மட்டும் பதினான்கு டிகிரிக்குச் சாய்ந்திருந்தது. ராத்திரியில் அது முனகுகிற சத்தம் கேட்டுத் தூக்கமே வரவில்லை என்று கொர்டுலா மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் மரத்தின் ஒலியைப் பதிவுசெய்து அனுப்பினால் ஆய்வுக்கு உதவும் என்று நன்றியோடு பதில் போட்டேன்.

பிறகு அக்டோபர் வந்தது.

எங்கள் பக்கத்தில் பெருக்கும் வாரம் என்று ஒன்று உண்டு. தெருவுக்கு ஒரு மரப்பலகை. அந்தப் பலகை யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் நடைபாதையைப் பெருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஒரு இலைகூட இருக்கக் கூடாது. ஊரில் ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடலாம், ஊர் மன்னித்துவிடும். பெருக்காமல் விட்டவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு ஆள் போக மாட்டான்.

அந்த வாரம் பலகை கொர்டுலாவின் கதவில் தொங்கியது. மரம் எண் 214 ஒரே வாரத்தில் அத்தனை இலையையும் நடைபாதையில் கொட்டியது. நடைபாதையோ காப்புக்காட்டுக்குள் இருந்தது. இலையைத் தொட்டால் குற்றம். கொர்டுலா துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மரம் விழுந்து சாவோம் என்று தெரிந்தபோது அழாத மனுஷி, அன்றைக்கு அழுதார். நானே பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் கதவு உடைகிற மாதிரி திறந்தது. குட்புரோட் உள்ளே வந்தார். முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"டாக்டரம்மா! நடைபாதையில எலை!"

"உக்காருங்க தலைவரே..."

"உக்கார்றதா! கணுக்கால் வரைக்கும் எலை! பக்கத்து ஊர்க்காரன் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறான்! எம்பத்து நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஒரு நாள்ல எம்பத்து நாலு பேர்! மனுஷங்க வாழற ஊரா இது, இல்ல காடா?"

"சட்டப்படி அந்த இடம் காடுதான் தலைவரே."

"அந்தப் பொம்பளையைப் பெருக்கச் சொல்லுங்க!"

"உயிரினங்கள் பெருக்கக் கூடாதே."

"அப்ப கோட்டை மாத்திப் போடுங்க!"

"போட்ட கோட்டைப் பின்னால நகத்த அமைச்சர் கையெழுத்து வேணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருஷமா?" குட்புரோட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். தண்ணீர் கொடுத்தோம்.

அலுவலக வரலாற்றிலேயே முதல் தடவையாக ஒரு திங்கட்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. ஒரு மனுஷியின் தலைமேல் மரம் சாய்வது வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கலாம். நடைபாதை இலை காத்திருக்குமா? டாக்டரம்மா நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து கேக்கைக்கூட ரத்து செய்தார். நாற்பது நிமிடத்தில் தீர்மானம் தயார். அதன் வாசகத்தை நான்தான் அமைத்தேன்: 'மரம் எண் 214-இன் தெருப்பக்க இலையுதிர்வை முன்கூட்டியே ஒழுங்குபடுத்துதல்.' அதாவது, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த மூன்று பெரிய கிளைகளை ரம்பம் போட்டு அறுப்பது.

மறுநாளே கிராமத்து ஏணி வண்டி வந்தது. வெண்டலின் மேலே ஏறினார். கொர்டுலா பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ, அந்தப் பக்கத்தை வெட்டாதீங்க! அந்த மூணு கிளைதான் மரத்தை அந்தப் பக்கமா இழுத்துப் பிடிச்சிட்டிருக்கு. அதை எடுத்தா மொத்தப் பாரமும் என் வீட்டுப் பக்கம் வந்துரும்! வெட்டறதுன்னா முழுசா வெட்டித் தொலைங்க!"

"முழுசா வெட்டினா அது தலையீடும்மா," என்றார் டாக்டரம்மா.

"அப்ப இது என்னவாம்?"

"இது ஒழுங்குபடுத்துதல்."

"நான் சொல்றதை யாராவது எழுதிக்கங்களேன்! குறிப்பாளரே, எழுதுங்க!"

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "பட்டியல்ல இருக்கற உயிரினங்களுக்குக் கருத்துத் தெரிவிக்கற படிவம் இல்லம்மா," என்றேன் நான் வருத்தத்தோடு. நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தது.

வெண்டலின் வேலையில் கலைஞர். கிளைகளை அறுத்த பிறகு அறுத்த இடங்களை உளியால் சிராய் சிராயாகப் பிளந்து, புயலில் முறிந்ததுபோல ஆக்கி, மேலே சேறும் பாசியும் அப்பிவிட்டார். காட்டைப் பார்க்க வருகிறவர்கள் மனம் புண்படக் கூடாது அல்லவா? வெட்டிய கிளைகளை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. நடைபாதையில் குவிந்த இலைமேல் ரம்பத்தூள் விழுந்துவிட்டதால் அது இனி இயற்கைப் பொருள் அல்ல என்றும், ஆகவே பெருக்கலாம் என்றும் ஒரு துணைத் தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். குட்புரோட் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினோராவது நாள் சனிக்கிழமை. காலை பத்து மணி. காற்று துளிகூட இல்லை. கொர்டுலா நடைபாதையில் கடைசி ரம்பத்தூளையும் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தார். மரம் எண் 214 ஒருமுறை முனகியது. பிறகு வீட்டின் மேல் படுத்துக்கொண்டது. கூரை, படுக்கையறை, சமையலறை, நூடுல்ஸ் பிசைகிற மேசை, அப்பா அம்மா கல்யாணப் படம், எல்லாம் தரைமட்டம்.

சத்தம் கேட்டு ஊரே ஓடிவந்தது. முதலில் வந்தவர் குட்புரோட். மூச்சிரைக்கக் கேட்டார்:

"நடைபாதைக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லை. ஒரு இலைகூட நடைபாதையில் விழவில்லை. "பெருக்கப் போனதாலதான் நீ உயிரோட இருக்க, ஞாபகம் வச்சுக்க," என்று அவர் கொர்டுலாவுக்கு அறிவுரை சொன்னார்.

டாக்டரம்மா நாடாவை வைத்து அளந்து பார்த்தார். மரத்தின் உச்சி நுனி எல்லைக் கோட்டுக்கு நாற்பது சென்டிமீட்டர் உள்ளேயே அடங்கியிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரு சுள்ளிகூட வெளிய போகல," என்றார். "என்ன ஒழுக்கமான மரம்!"

"என் பொருளையெல்லாம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் கொர்டுலா.

"எப்படிம்மா எடுக்கறது? விழுந்தது கிடந்து மக்கணும். அதுதானே ஆணை? உங்க மேசையும் மரம்தானே?"

கொர்டுலா துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு கீழே இறங்கிப் போனார். தம்பி வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தோம்.

திங்கட்கிழமை நாங்கள் போனபோது அவர் எங்கள் கூட்ட அறைக்குள் இருந்தார். மேசைமேல் தம்பி வீட்டு மெத்தை, ரேடியேட்டர்மேல் காலுறைகள், கதவில் அவர் தன் வாசலிலிருந்து கழற்றி வந்த எங்கள் பச்சைப் பலகை.

"இது என்னம்மா அநியாயம்!" என்றார் டாக்டரம்மா.

கொர்டுலா கதவை நாலு விரல் திறந்தார். "என்ன அநியாயம்? பட்டியல்ல இருக்கற உயிரினம், இயற்கையா கூடு போயிருச்சுன்னா, அடுத்த கூட்டைக் கட்டற எடத்துல அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பக்கத்துல ஆள் வரக் கூடாது. உங்க விதிமுறை, ஏழாம் பக்கம். போன வருஷம் இதே அறைத் திரைச்சீலையில ஒரு வௌவால் குட்டி போட்டுச்சுன்னு அஞ்சு மாசம் உள்ள வராம இருந்தீங்கல்ல? நான் வௌவாலை விட மட்டமா?"

சட்ட ஆலோசகரைக் கேட்டோம். மட்டமில்லை என்று அவர் எழுத்து மூலம் தெரிவித்தார்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டங்கள் வெளியே, கார் நிறுத்துமிடத்தில் நடந்தன. பதினொரு பேரும் குடை பிடித்துக்கொண்டு நிற்போம். டாக்டரம்மா மட்டும் அதன் ஓரத்தில் இருந்த ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் உட்கார்ந்து தலைமை தாங்குவார். பனி கொட்டும்போது கேக் நமத்துப்போகும். ஒருவர் வாயிலிருந்தும் முணுமுணுப்பு வரவில்லை. காட்டுக்காக மனிதன் இதைக்கூடப் பொறுக்கக் கூடாதா?

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கொர்டுலா ஜன்னலைத் திறந்து என்னை மட்டும் கூப்பிட்டார். குளிப்பதற்கு உள்ளூர் நீச்சல் குளத்துக்குப் போய்வருவதாகவும், சூடாகச் சாப்பிட்டு மூன்று மாதம் ஆகிறதென்றும் சொன்னார். முகம் ஒட்டிப்போயிருந்தது. பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். வீட்டுக் காப்பீட்டுக்காரர்கள் எழுதியது. மரம் இயற்கையாக விழுந்திருந்தால் ஒன்றும் கிடையாது. மனிதர் வெட்டியதால் விழுந்திருந்தால், வெட்டிய அலுவலகம் வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆதாரம் வேண்டும்.

"ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்?" என்றார். "கிளையை வண்டி ஏத்தி அனுப்பிட்டீங்க. வெட்டின எடத்துல பாசி அப்பிட்டீங்க. ரம்பத்தூளு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதையும் சுத்தமா நானே பெருக்கித் தொலைச்சேன்! பழக்கம் விடுதா?"

"கூட்டக் குறிப்புல..." என்று ஆரம்பித்தேன்.

"'இலையுதிர்வை ஒழுங்குபடுத்துதல்'னு இருக்கு. படிச்சேன். உள்ள எனக்கு வேற என்ன வேலை? உங்க இருபத்தாறு வருஷக் குறிப்பும் இந்த அலமாரியிலதானே இருக்கு. முழுக்கப் படிச்சுட்டேன், குறிப்பாளரே." அவர் ஒரு தடித்த நோட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒம்பது வருஷத்துக்கு முன்னால, ஜூன் மாசம். மரம் எண் எம்பத்தெட்டு. காப்புக்காட்டுக்குள்ள நின்னுச்சாம். இயக்குநரோட கார் நிறுத்தற எடத்து மேல சாஞ்சுதாம். 'வாகனப் பாதுகாப்பு கருதி ஒருமனதாக அகற்றப்பட்டது. விவாத நேரம் ஒன்பது நிமிடம்.' எழுதினது யாரு?"

"நான்தான்."

"அதோ, அந்த அம்மா உக்காந்திருக்காங்களே, அதுதானே அந்த எம்பத்தெட்டு?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"கார் மேல சாஞ்சா ஒம்பது நிமிஷம். என் மேல சாஞ்சா இயற்கை. அப்படித்தானே?"

இருபத்தாறு ஆண்டுகளில் யார் என்ன பதில் சொன்னாலும் நான் எழுதியிருக்கிறேன். என்னிடம் கேட்ட கேள்விக்கு, குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன். காது மட்டும் சுட்டது.

அவர் ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: 'மரம் எண் 214-இன் தெருப்பக்கக் கிளைகள் மூன்றையும் அலுவலகம் ரம்பத்தால் அறுத்தது, பதினோராம் நாள் மரம் வீட்டின் மேல் விழுந்தது.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா அடிச்சிருங்க," என்றார். "இல்லன்னா கையெழுத்துப் போடுங்க. நான் இங்கயிருந்து போயிடறேன். எனக்கு உங்க ஆபீஸ் வேணாம், குறிப்பாளரே. எனக்கு என் வீடு வேணும்."

படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பேனாவைத் திறந்தேன். பின்னால் கார் நிறுத்துமிடத்திலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது: "குறிப்பாளரே, எங்க போயிட்டீங்க? கூட்டம் ஆரம்பிக்கலாமா?"

கொர்டுலா என் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கையெழுத்து இருந்தால் அவருக்கு வீடு கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் அலுவலகத்துக்கென்று ஒரு மகத்தான பாரம்பரியம் இருக்கிறதே, அதை அந்த ஒரு நிமிஷத்தில் நான் ஒருவனே நின்று காப்பாற்றினேன். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் கூட்டத்துக்குப் போனேன்.